டேலியா முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

டேலியாவில் ஏதாவது கோளாறு தென்பட்டால் பெரும்பாலோர் முதலில் தேடுவது மருந்துத் தெளிப்பானை. அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்தச் செடிக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி பூச்சியாலோ பூஞ்சணத்தாலோ வருவதில்லை. தண்ணீர், வெயில், பகலின் நீளம், நாம் கத்தரி வைக்கும் நேரம் ஆகியவைதான் காரணம். எந்த மருந்தை அடித்தாலும் அவை சரியாகப் போவதில்லை.

அறிகுறியைக் கண்டதும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். செடியின் எந்த இடத்தில்: அடி இலையிலா, நுனியிலா? எந்த நேரத்தில்: நாள் முழுதுமா, உச்சிப்பொழுதில் மட்டுமா? எத்தனை செடிகளில்: ஒன்றிலா, வரிசை முழுவதிலுமா? வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி வாடினாலோ வெளுத்தாலோ அது அநேகமாக நீர், உரம், வானிலை இவற்றில் ஒன்று. ஒரு செடியில் தொடங்கி அண்டைச் செடிக்கு நகர்ந்தால் அப்போது நோயைச் சந்தேகிக்கலாம்.

டேலியா மெக்சிகோ மலைப்பகுதியின் செடி. 1963 முதல் அந்த நாட்டின் தேசிய மலர். அங்கே கோடை மழையில் வளர்ந்து பூத்து, வறண்ட குளிர்காலத்தில் மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். மாட்ரிட் தாவரவியல் பூங்காவில் இருந்த கவனில்லஸ், ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் நினைவாக இதற்குப் பெயர் வைத்தது 1791இல். ஐரோப்பாவில் பெயர் கிடைத்ததே தவிர, பிறந்த மலையின் குணம் போகவில்லை. இதமான பகலும் குளிர்ந்த இரவும் கேட்கும். அதனால்தான் ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா வீட்டுத் தோட்டங்களில் அது கேட்காமலே பூத்துக் குலுங்குகிறது. சென்னையிலும் மதுரையிலும் மாடியில் வைப்பவர்கள் காலத்தைப் பார்த்து நடக்க வேண்டும். மலையில் தை, மாசியில் கிழங்கு வைத்தால் சித்திரை, வைகாசிச் சீசனுக்குப் பூ. சமவெளியில் அடைமழை ஓய்ந்ததும், கார்த்திகையில், வேர்பிடித்த நாற்றைத் தொட்டிக்கு மாற்றினால் தை, மாசியில் பூ. பங்குனி வெயிலில் நட்டுவிட்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்டால் விடை கேள்வியிலேயே இருக்கிறது.

கிழங்கு வைத்து வாரக்கணக்காகிறது, முளை இல்லை

தோண்டிப் பாருங்கள். விரலால் மெல்ல மண்ணை விலக்கிப் பார்ப்பதால் கிழங்குக்கு ஒன்றும் ஆகிவிடாது.

கிழங்கு கூழாக நசுங்கி, புளித்த வாடை அடித்தால் கதை முடிந்தது. காரணம் பெரும்பாலும் நம் அன்புதான். முளைக்காத கிழங்குக்கு வேர் இல்லை. ஊற்றும் தண்ணீரைக் குடிக்க ஆளில்லாமல் மண் சகதியாகிறது, கிழங்கு அழுகுகிறது. நடும்போது மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நின்று, விரல் பட்டதும் உதிரும் ஈரம் இருந்தால் போதும். முளை வெளியே தலைகாட்டும் வரை மறுபடி ஊற்ற வேண்டியதில்லை. மாடித் தொட்டி மண் முற்றிலும் காய்ந்துபோனால் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் தெளிக்கலாம்.

கிழங்கு திடமாகவே இருக்கிறது, ஆனால் அசையவில்லை என்றால் அதன் கழுத்தைப் பாருங்கள். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். டேலியாக் கிழங்கு தடித்த வேர். அதன் உடம்பில் எங்கே தேடினாலும் கண் கிடைக்காது. பழைய தண்டின் அடியில், கிழங்கின் ஒடுங்கிய கழுத்து போய்ச் சேரும் மேட்டில் மட்டும்தான் கண் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் குண்டூசித் தலையளவில் ஒரு சிறு புடைப்பு, இளஞ்சிவப்பாகவோ வெளிர்பச்சையாகவோ தெரியும். அந்த மேடு ஒட்டாமல் தனியாக முறிந்து வந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. சில சமயம் அதில் வேர்கூட வரும், முளை வராது. கழுத்து ஒடிந்து தோலில் மட்டும் தொங்கும் கிழங்கும் அப்படித்தான். பொட்டலத்தில் அடைத்து விற்கும் கிழங்குகளில் இந்தக் கழுத்தொடிந்த ரகம் தாராளமாக வருகிறது. கண் தெரியும்படி படம் கேட்டு வாங்குங்கள். படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கண்ணும் இருக்கிறது, திடமாகவும் இருக்கிறது என்றால் மீதி பொறுமைதான். இரண்டு வாரத்திலும் முளைக்கலாம், ஆறு வாரமும் ஆகலாம். மலையில் மண் குளிர்ந்து கிடந்தால் தாமதம் சகஜம். கிழங்கின் மேல் 10 முதல் 15 செ.மீ. மண் போதும், அதற்கும் ஆழமாகப் புதைத்திருந்தால் முளை மேலே வருவதற்குள் களைத்துப்போகும். அவசரம் உள்ளவர்கள் கிழங்கைத் தட்டில் வைத்து, பிழிந்த ஈரத்தில் உள்ள தேங்காய்நார்க் கழிவால் கழுத்து மட்டும் தெரியும்படி மூடி, வீட்டுக்குள் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். கண் விழித்த பிறகு மண்ணுக்கு மாற்றினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

முட்டுக்கொம்பை நடும் நாளிலேயே ஊன்றிவிடுங்கள். செடி சாய்ந்த பிறகு கொம்பைச் செருகினால் அது கிழங்கைத் துளைத்துக்கொண்டுதான் இறங்கும்.

நேற்று இருந்த முளை இன்று காலை இல்லை

நத்தை. மண்ணில் காய்ந்த பசைக்கோடு பளபளத்தால் உறுதி. கோடு இல்லாமல் தண்டு தரையோடு அறுந்து பக்கத்திலேயே கிடந்தால் வெட்டுப்புழு. அந்த இடத்தில் இரண்டு விரல் ஆழம் கிளறினால் சுருண்டு கிடக்கும். நத்தைக்கு ஈரச்சாக்கை இரவில் விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலை போட்டு, விடியற்காலையில் சாக்கைத் தூக்கிப் பொறுக்குவதே நல்ல வழி. செடி முழங்கால் உயரம் வந்துவிட்டால் இந்தத் தொல்லை தானே குறைந்துவிடும்.

ஆளுயரம் வளர்கிறது, பூ மட்டும் இல்லை

இலை கரும்பச்சை, தண்டு தடிமன், மொட்டு பூஜ்யம் என்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். புதுச் சாணத்தைக் குழியில் கொட்டியிருந்தாலும் இதே விளைவுதான். மக்கிய தொழு உரம் மட்டுமே இதற்கு ஆகும். அடுத்து பொட்டாஷ் பக்கம் போங்கள்: தொட்டி ஒன்றுக்கு ஒரு சிட்டிகை சல்பேட் ஆஃப் பொட்டாஷ் தண்ணீரில் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

தண்டு மெலிந்து கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டிருந்தால் குறை வெயிலில். மலையில் முழு வெயில் வேண்டும். சமவெளியில் காலை வெயில் ஆறு மணி நேரம், அதன்பின் நிழல் என்பதே நல்ல ஏற்பாடு. மேற்குச் சுவரை ஒட்டிய தொட்டி பிற்பகல் முழுதும் சூட்டில் வேகும்.

நுனி கிள்ளாத செடியும் இப்படி ஒற்றைக் கம்பாக ஓடும். மூன்று அல்லது நான்கு ஜோடி இலை வந்ததும் நடுநுனியை விரலால் கிள்ளி எடுங்கள். மனம் வராது, இருந்தாலும் கிள்ளுங்கள். ஒவ்வோர் இலைக்கக்கத்திலிருந்தும் ஒரு கிளை எழும். முதல் பூ ஓரிரு வாரம் தள்ளிப்போகும், பின்னால் பூக்கும் தலைகள் பல மடங்காகும்.

மொட்டு வருகிறது, விரியாமல் கருகுகிறது

முதலில் அது மொட்டுதானா என்று பாருங்கள். டேலியா வளர்ப்பில் தவறான இடத்தில் கத்தரி வைப்பது இங்கேதான் அதிகம் நடக்கிறது. மொட்டு சட்டைப் பொத்தானைப் போல உருண்டு மேலே தட்டையாக இருக்கும், அழுத்தினால் கெட்டி. பூத்து இதழ் உதிர்ந்த தலை நுனி கூம்பி, நீண்டு, தொட்டால் மெத்தென்று ஈரமாக இருக்கும். இரண்டும் ஒரே பச்சை, ஒரே கிளையில் அருகருகே. கூம்பியதை வெட்டுங்கள், உருண்டதை விடுங்கள். வெட்டும்போது தலையை மட்டும் கொய்யாமல் கீழே அடுத்த கிளைக் கணு வரை இறங்கி வெட்டினால் அடுத்த பூவுக்கு நீளக் காம்பு கிடைக்கும்.

அது உண்மையான மொட்டுதான், ஓரம் பழுப்பேறி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு விரிகிறது என்றால் இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் பூவைத் தட்டுங்கள். நூலிழை போன்ற மெல்லிய பூச்சிகள் ஓடினால் அதுதான். நீல ஒட்டுப்பொறி கட்டுங்கள். மொட்டு பட்டாணி அளவில் இருக்கும்போதே வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 3 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசலுடன், வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். இதழ் விரிந்த பிறகு எண்ணெய் அடித்தால் பூவில் கறை விழும்.

மழைநாளில் மொட்டு சாம்பல் நிறப் பொடியோடு அழுகினால் சாம்பல் பூஞ்சணம். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இதைத் தவிர்ப்பது கடினம். அழுகிய தலைகளைத் தினமும் கிள்ளிப் பையில் போட்டு வெளியேற்றுங்கள், செடியின் உள்பக்க இலைகளைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். மருந்தைவிட இது பலன் தரும்.

சமவெளியில் மாசிக்கு மேல் மொட்டுகள் அப்படியே காய்ந்தால் அது வெப்பம். பகல் 32 டிகிரிக்கு மேல் போனால் டேலியா சோர்ந்துவிடும். நிழல்வலை போடலாம், சில நாள் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் இயற்கையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பூவின் நடுவில் மஞ்சள் கண் தெரிகிறது

அடுக்குப்பூ என்று நம்பி வாங்கிய செடி, முதல் ஐந்தாறு பூவும் அற்புதம். அப்புறம் இதழ் அடுக்குக் குறைந்து நடுவில் மஞ்சள் வட்டம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற புகார் இந்தக் கட்டத்தில்தான் எழும். அவரைத் திட்டும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

டேலியாத் தலை ஒன்று பல நூறு சிறுபூக்களின் கூட்டம். வெளியே இதழாக நீள்பவை ஒரு வகை, நடுவில் மஞ்சளாக மகரந்தம் தருபவை இன்னொரு வகை. பகல் நீண்டிருக்கும்போது முதல் வகை அதிகமாக உருவாகிறது. பகல் சுருங்கினால் நடுப்பூக்கள் பெருகுகின்றன. அதோடு செடி தன் பலத்தைக் கிழங்குக்கு அனுப்பத் தொடங்குகிறது. நம் ஊரில் ஜூன் பகல் ஏறத்தாழ 12¾ மணி நேரம், டிசம்பரில் 11½ மணி நேரம். வித்தியாசம் சிறிதுதான், டேலியாவுக்கு அதுவே போதும். மார்கழிப் பூ கண் காட்டுவதும், மலையில் சித்திரைப் பூ நிறைந்து வருவதும் இதனால்தான்.

செய்யக்கூடியது: பொழுது சாய்ந்த பின் இரண்டு மணி நேரம் செடியின் மேல் விளக்கு எரியவிடலாம். வணிகமாக வளர்ப்பவர்கள் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். மாடியில் ஒரு சாதாரண எல்.இ.டி. பல்பு போதும். வாடிய தலைகளை உடனுக்குடன் வெட்டுவதும், கிளைகளைக் குறைப்பதும் கொஞ்சம் உதவும்.

விதையிலிருந்து வந்த செடியென்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தோட்ட டேலியா எட்டுமடங்குக் குரோமோசோம் தொகுதி கொண்டது. தாய்ப்பூவின் சாயல் விதையில் வருவது அதிர்ஷ்டம். ஒற்றை அடுக்காக மஞ்சள் கண்ணோடு பூத்தால் அதை அப்படியே ரசியுங்கள். தேனீ வருவது அந்தப் பூவுக்குத்தான். தட்டகல அடுக்குப்பூவில் அதற்கு உட்கார இடமே இல்லை. என் கண்ணுக்கு ஒற்றை அடுக்குச் சிவப்பு டேலியாவில் உள்ள துடிப்பு எந்த ராட்சதப் பூவிலும் இல்லை.

பூ சிறுத்துவிட்டது, அல்லது தலை கவிழ்கிறது

கிளை நுனியில் மொட்டுகள் மும்மூன்றாக வரும். நடுவில் உள்ளதை வைத்துக்கொண்டு இரு பக்கமும் உள்ளவற்றைப் பட்டாணிப் பருவத்திலேயே விரலால் வளைத்து ஒடித்துவிடுங்கள். பெரிய பூ வேண்டுமென்றால் அதற்குக் கீழே உள்ள ஜோடிக் கணுக்களிலும் பக்கக் கிளைகளை எடுத்துவிட வேண்டும். அமெரிக்க டேலியா சங்கத்தின் கணக்கில் ராட்சத வகை என்றால் 10 அங்குலத்துக்கு மேல், சிறு உருண்டையான பொம்பான் என்றால் 2 அங்குலத்துக்குள். ராட்சத வகையில் மூன்று மொட்டையும் விட்டால் மூன்றும் நோஞ்சானாகும். பொம்பானில் கிள்ளிக்கொண்டே இருந்தால் உருண்டை வடிவம் கெட்டுப் பூ ஊதிவிடும். எது எந்த வகை என்று தெரிந்து கிள்ளுங்கள்.

தலை கவிழ்வதற்குச் சில பெரிய வகைகளில் மரபே காரணம். மழைநீர் இதழ்களுக்குள் தேங்கினாலும் கழுத்து மடியும்; மழை நின்றதும் காம்பைப் பிடித்து மெல்லக் குலுக்கிவிடுங்கள். நல்ல பூவை எடைபோட அதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இதழ்கள் காம்பு வரை மடிந்து, அடிவரிசை வாடாமல், நிறம் வெளுக்காமல் இருந்தால் அதுவே தேர்ந்த பூ. முன்பக்கம் எந்தப் பூவும் அழகாகத்தான் இருக்கும்.

செடி வாடுகிறது

இங்கே நேரம் முக்கியம். உச்சிவெயிலில் தொங்கி, மாலையில் தானே நிமிர்ந்தால் ஒன்றுமில்லை. அகன்ற இலையின் வழியாகப் போகும் நீரை வேரால் ஈடுகட்ட முடியவில்லை, அவ்வளவுதான். உடனே ஓடிப்போய் ஊற்றாதீர்கள். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே வாடியிருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. தொட்டியைத் தூக்கி அடித்துளையைப் பாருங்கள். மாடித் தளத்தோடு ஒட்டி அடைத்திருக்கும். இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். களிமண் என்றால் செம்மண், மக்கிய உரம், ஆற்றுமணல் கலந்து மாற்றி நடுவதைத் தவிர வழியில்லை.

ஒரு செடி மட்டும், பச்சை மாறாமலே, சட்டென்று தலைதொங்கி, இரவிலும் நிமிரவில்லை என்றால் விஷயம் வேறு. அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் நீரில் மூழ்கும்படி அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஓர் இழை மெதுவாகக் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். உருளை, தக்காளி, கத்தரி, மிளகாயைப் படுக்கவைக்கும் அதே கிருமி; நீலகிரி உருளைத் தோட்டக்காரர்களுக்குப் பழைய பகைவன். இதற்கு மருந்தில்லை. செடியை வேர்மண்ணோடு எடுத்து எரித்துவிடுங்கள், கத்தரியை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள், அந்த இடத்தில் மேற்சொன்ன பயிர்களையும் டேலியாவையும் சில ஆண்டுகள் வைக்காதீர்கள். உருளை எடுத்த பாத்தியில் டேலியா நடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

தம்ளர் தெளிவாகவே இருந்தால் தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பஞ்சு போன்ற வெண்மையும் கடுகிலிருந்து மிளகு அளவு வரை கறுத்த கெட்டி உருண்டைகளும் இருந்தால் தண்டழுகல் பூஞ்சணம். குளிர்ந்த ஈர நாட்களில் வரும். அந்தக் கறுப்பு உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஆகவே தண்டை உரக்குழியில் போடாதீர்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அடுத்த நடவுக்கு முன் வேப்பம்புண்ணாக்குக் கலந்து, அந்தப் பாத்தியில் ஒரு பருவம் செண்டுமல்லி வளர்த்துப் பிடுங்குங்கள்.

இலை நிறம் மாறுகிறது

அடி இலைகள் மட்டும் ஓரிரண்டு மஞ்சளானால் அது வயது. கிள்ளிப் போடுங்கள்.

முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறை. மலையின் புளிப்பு மண்ணில் சகஜம். அங்கே நடுவதற்குச் சில வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறினால் இரண்டு வேலையும் முடியும்: புளிப்பும் குறையும், மக்னீசியமும் சேரும். டேலியா கேட்பது அமில காரக் குறியீடு 6.5ஐ ஒட்டிய மண். அவசரத்துக்கு மக்னீசியம் சல்பேட் ஒரு லிட்டருக்கு 5 கிராம் இலைவழியாகத் தெளிக்கலாம். அதே கோலம் நுனி இலைகளில் தெரிந்தால் இரும்புக் குறை. சுண்ணாம்புச் சத்துள்ள சமவெளி மண்ணிலும் ஆழ்குழாய்த் தண்ணீரிலும் வருவது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம், சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு மாலையில் தெளியுங்கள். இலையோரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு. மழைநீர் சேமித்து வைத்திருந்தால் அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றிக் கழுவுங்கள்.

இலை வெண்கலப் பூச்சாக மங்கி, கீழ்ப்புறம் நுண்ணிய வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. வறண்ட வெயிலில் வருவது. இலையின் அடிப்புறம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவதே முதல் வைத்தியம். கண்ட பூச்சிமருந்தையும் அடித்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, சிலந்தி பெருகும். வெள்ளை மாவு பூசியது போலிருந்தால் சாம்பல் நோய்: நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்த வேளையில். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது, இலை வெந்துவிடும்.

இலை நரம்பை ஒட்டி மஞ்சள் கோடு, வளையம் வளையமான கோலம், செடி குட்டையாகிக் குறுகுதல் இவை சேர்ந்து தெரிந்தால் வைரஸ். அசுவினியும் இலைப்பேனும் நம் கத்தரியும் பரப்பும். குணமாகாது. பூ ஒன்றிரண்டு நன்றாக வருகிறதே என்று அந்தச் செடியை வைத்திருப்பவர்கள் மற்றச் செடிகளையும் சேர்த்து இழப்பார்கள்.

மலையில் டிசம்பர், ஜனவரி காலையில் செடி முழுதும் கொதிநீர் ஊற்றியது போலக் கறுத்திருந்தால் அது உறைபனி. மேல்பாகம் போனது போனதுதான். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்.

வெட்டி வைத்த பூ மறுநாளே தொங்குகிறது

வெட்டிய நேரம் தவறு, அல்லது வெட்டிய பருவம் தவறு. ரோஜாவை மொட்டாக வெட்டி ஜாடியில் வைத்தால் விரியும். டேலியா அப்படி விரியாது. செடியில் எந்த நிலையில் வெட்டினீர்களோ ஏறக்குறைய அதே நிலையில் நின்றுவிடும். முக்கால்வாசிக்கு மேல் விரிந்து, பின்பக்க இதழ்கள் இன்னும் விறைப்பாக இருக்கும் பூவே வெட்டுவதற்கு உரியது. பின்வரிசை இதழைத் தொட்டால் காகிதம் போலச் சுருங்கியிருந்தால் அது செடியிலேயே கிடக்கட்டும்.

நேரம்: வெயில் ஏறுமுன், பனி உலரும் வேளை. முந்தின நாள் மாலை செடிக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். கையில் வாளியும் அதில் தண்ணீரும் இருக்கட்டும். வெட்டியதும் காம்பு நேரே தண்ணீருக்குள். வீட்டுக்குள் வந்து வைத்துக்கொள்ளலாம் என்று கொத்தாகக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றுவதுதான் பாதிப் பூவின் ஆயுளைக் குடிக்கிறது.

அப்புறம் வெந்நீர் வைத்தியம். கேட்டால் நம்பமாட்டீர்கள், செய்தால் விடமாட்டீர்கள். அகன்ற பாத்திரத்தில் மூன்று விரல் உயரம் தண்ணீர், 70 முதல் 80 டிகிரி சூட்டில்; கொதிக்கும் முன், அடியில் சிறு குமிழி எழும் கட்டம். காம்பு நுனியைச் சாய்வாகப் புதிதாக நறுக்கி அதில் நிறுத்தி, தண்ணீர் தானே ஆறும் வரை ஒரு மணி நேரம் விடுங்கள். ஆவி பூவில் படாமல் தாள் சுற்றிக்கொள்ளலாம். பிறகு குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றி, இருட்டான அறையில் சில மணி நேரம். அதன்பின்தான் ஜாடி.

ஜாடியில் நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக் கூடாது. டேலியாத் தண்டு உள்ளீடற்ற குழல்; இலை அழுகித் தண்ணீர் கலங்கினால் குழல்வாய் உடனே அடைத்துக்கொள்ளும். தினமும் தண்ணீர் மாற்றி, நுனியை ஒரு விரற்கடை நறுக்குங்கள். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும், கிருமி வளராமலிருக்க இரண்டு சொட்டு பிளீச்சிங் திரவமும் சேர்க்கலாம். மின்விசிறிக்கு நேர் கீழேயும், பழுத்த வாழைப்பழத் தட்டின் பக்கத்திலும் வைக்காதீர்கள். பூச்செருகும் பச்சை நுரைக்கட்டியில் இந்தக் குழல்தண்டு சரியாக நீர் இழுக்காது, ஜாடியே மேல்.

இத்தனையும் செய்தால் நான்கு முதல் ஆறு நாள். அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. தட்டகலப் பூக்கள் முதலில் சாயும். பந்து, பொம்பான் வகைகள் கடைசி வரை நிற்கும். கல்யாண மேடைக்குக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: சிறிய உருண்டை வகைகளை வாங்குங்கள், முந்தின நாளே வெந்நீர் வைத்தியம் முடித்துவிடுங்கள், சரம் தொடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சாமந்தி செய்யும் வேலையை டேலியா செய்யாது.

எடுத்து வைத்த கிழங்கு சுருங்குகிறது, அல்லது அழுகுகிறது

சுருங்கினால் காற்று அதிகம். அழுகினால் ஈரம் அதிகம். மலையில் இலை மஞ்சளானதும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வெட்டிய குழலில் மழைநீர் இறங்கினால் நேரே கழுத்தை அழுக்கும். அலுமினியத் தாளால் வாயை மூடிக் கட்டுங்கள். ஓரிரு வாரம் மண்ணிலேயே விட்டால் கண்கள் புடைத்துத் தெரியும், பிறகு பிரிப்பது சுலபம். கவைமுள்ளால் தள்ளித் தள்ளிக் கெல்லி, தண்டைப் பிடித்து இழுக்காமல், அடியிலிருந்து தூக்குங்கள். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, வெட்டுவாயில் சாம்பலோ கந்தகத்தூளோ தடவி, உலர்ந்த மணலிலோ நார்க்கழிவிலோ புதைத்துக் குளிர்ந்த அறையில் வையுங்கள். மாதம் ஒருமுறை கிளறிப் பார்த்து அழுகியதைத் தூக்கி எறியுங்கள். சுருங்கியதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

சமவெளியில் அக்னி நட்சத்திரத்தைத் தாண்டிக் கிழங்கைக் காப்பாற்றுவது சிரமம். தோண்டாமல் தொட்டியோடு நிழலில் ஒதுக்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கைத் தண்ணீர் தெளித்து வைத்தால் சில பிழைக்கும். புரட்டாசி கடைசியில் துளிர்த்தால் அந்தத் துளிரை மூன்று அங்குல நீளத்தில், அடி இன்னும் குழலாகாமல் திடமாக இருக்கும்போதே, நறுக்கி மணலில் குத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர்பிடிக்கும். குழலான தண்டு வேர்விடாது. ஒன்றும் துளிர்க்கவில்லை என்றால் ஐப்பசியில் புது நாற்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே வளர்த்தாலும், செடி பூத்திருக்கும்போதே நிறத்தையும் வகையையும் பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதி அடித்தண்டில் கட்டிவிடுங்கள். பேனா மை மழையில் போய்விடும். காய்ந்த பிறகு வெள்ளைப் பொம்பானின் கிழங்கும் சிவப்பு ராட்சதத்தின் கிழங்கும் பார்வைக்கு ஒன்றுதான்.